வைரம் போன்றதற்குச் சாணை பிடித்தவர்கள்

1927ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனியின் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் குருப் நிறுவனம் புதியதொரு வெட்டுக்கருவிப் பொருளைக் காட்சிக்கு வைத்தது. ‘வைரத்தைப் போல’ என்று பொருள்படும் ‘வீ டியாமாண்ட்’ என்னும் ஜெர்மன் தொடரைச் சுருக்கி அதற்கு ‘விடியா’ எனப் பெயரிட்டிருந்தனர். டங்ஸ்டன் கார்பைடுத் துகள்களைக் கோபால்ட்டு உலோகத்தால் பிணைத்து உருவாக்கிய பொருள் அது. பின்னாளில் ஸ்பானிய மொழியிலும் இத்தாலிய மொழியிலும் அந்த வணிகப் பெயரே கார்பைடைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது.

வெட்டுக்கருவிகளின் வரலாறு வழக்கமாக ஒரு படிக்கட்டாகவே சொல்லப்படுகிறது. முதலில் கார்பன் எஃகு, 1900இல் உயர்வேக எஃகு, 1927இல் கார்பைடு, 1969இல் பூச்சிட்ட கார்பைடு. ஒவ்வொரு படியிலும் கடினம் கூடியது, வெட்டும் வேகமும் கூடியது. இந்தியப் பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலரும் ஏதேனுமொரு பாடநூலில் இந்த வரைபடத்தைப் பார்த்திருப்பார்கள். அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது பாதி வரலாறுதான். விளிம்பு மழுங்கிய பின் அதற்குச் சாணை பிடித்தவர் யார், எதைக் கொண்டு பிடித்தார், எந்த இடத்தில் பிடித்தார் என்ற கேள்விகளுக்கு அந்த வரைபடத்தில் இடமில்லை.

பல்சக்கரம் வெட்டும் கருவிகளைப் பொறுத்தவரை இக்கேள்விகளைப் பக்கக் குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. கடைசல் எந்திரத்தில் கார்பைடு இருபது முப்பது ஆண்டுகளில் அரசோச்சத் தொடங்கியது. பல்சக்கரம் வெட்டும் தொழிலிலோ அது பரவலாகக் காலூன்ற ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின. காலூன்றிய இடங்களிலும் பலவற்றிலிருந்து சில ஆண்டுகளிலேயே பின்வாங்கியது. கார்பைடின் கடினத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தத் தாமதமும் பின்வாங்கலும் விளங்கா. பராமரிப்பின் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் விளங்கும்.

பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் இன்வால்யூட் என்னும் குறிப்பிட்ட வளைவைக் கொண்டது. அந்த வளைவு சிறிது பிசகினாலும் சக்கரங்கள் இரையும், அதிரும், விரைவில் தேயும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பல்லிடைவெளியின் வடிவத்தை வெட்டுக்கருவியின் விளிம்பில் கைத்திறனால் அரவிச் செதுக்கினார்கள். கருவி மழுங்கியதும் அதன் வெளிவிளிம்பைத் தேய்த்துக் கூராக்கினால் வளைவும் சேர்ந்து அழிந்துவிடும். அதாவது, ஒவ்வொரு முறை சாணை பிடிப்பதும் ஏறக்குறைய ஒரு புதிய கருவியைச் செய்வதற்கு ஒப்பான வேலையாக இருந்தது.

1864இல் அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் ஆர். பிரவுன் இதற்கு ஒரு தீர்வுக்குக் காப்புரிமை பெற்றார். கருவிப் பல்லின் முகத்தில் உள்ள வடிவமே அதன் பின்புறம் முழுவதும் தொடருமாறும், பின்னே செல்லச் செல்ல மையத்தை நோக்கிச் சீராகத் தாழுமாறும் அவர் பல்லை அமைத்தார். எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் வடிவம் ஒன்றுதான். எனவே மழுங்கிய கருவியின் முகத்தை மட்டும் தேய்த்தால் போதும். விளிம்பு கூராகும், வளைவு மாறாது. வெட்டுவதற்காக மட்டுமன்றிச் சாணை பிடிப்பதற்காகவும் வடிவமைக்கப்பட்ட கருவி அது. தொழில்நுட்ப வரலாற்று நூல்கள் பிரவுனை நுண்ணளவைக் கருவிகளுக்காகவும் யுனிவர்சல் மில்லிங் எந்திரத்துக்காகவும் நினைவுகூர்கின்றன. இந்தக் கண்டுபிடிப்புக்கு அவை ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. ஆனால் இன்றைய ஒவ்வொரு ஹாபும் பிரவுனின் அந்தத் தாழ்வமைப்பைத்தான் தாங்கி நிற்கிறது.

அதில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது. தேய்க்கும் முகம் கருவியின் மையத்தை நோக்கிய சரியான கோணத்தில் இருந்தால்தான் வடிவம் காக்கப்படும். முகம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், கருவி கூர்மையாகவே இருக்கும். ஆனால் அது வெட்டும் பல்லின் அழுத்தக்கோணம் பிசகிவிடும். கூர்மை வேறு, சரியாக இருத்தல் வேறு என்ற நிலை இங்கே தோன்றியது. மழுங்கிய கருவியைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் அறியலாம். தவறாகச் சாணை பிடித்த கருவியை அப்படி அறிய முடியாது. அது நன்றாகவே வெட்டும். வெட்டிய சக்கரம்தான் பின்னர் வண்டிக்குள் இரையும்.

1897இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் ஹெர்மன் ஃபௌட்டர் எல்லா வகை உருளைப் பல்சக்கரங்களையும் வெட்டவல்ல ஹாபிங் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதே காலத்தில் அமெரிக்காவில் எட்வின் ஃபெல்லோஸ், மேலும் கீழுமாக இயங்கி வெட்டும் கியர் ஷேப்பரைக் கொணர்ந்தார். ஹாப் என்பது பார்வைக்கு ஒரு தடித்த திருகாணி. அதன் புரிகளை ஊடறுத்து நீள்வாக்கில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அந்தப் பள்ளங்களின் ஒரு பக்கச் சுவர்களே வெட்டுமுகங்கள். ஒரு ஹாபில் பத்துக்கு மேற்பட்ட வரிசைகள் இருக்கலாம். அத்தனை முகங்களும் ஒரே கோணத்தில், ஒரே இடைவெளியில், ஒரே ஆழத்தில் தேய்க்கப்பட வேண்டும். கையில் பிடித்துச் சாணைக்கல்லில் காட்டும் வேலையாக அது இருக்க முடியாது.

இந்தப் பின்னணியில் ஃபிரெடரிக் டெய்லரை மறுபடி வாசிப்பது பயனுடையது. 1898க்கும் 1900க்கும் இடையில் பெத்லகேம் எஃகு ஆலையில் மான்செல் ஒயிட்டுடன் சேர்ந்து உயர்வேக எஃகின் வெப்பப் பதத்தைக் கண்டறிந்தவர் டெய்லர். 1906இல் அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தில் அவர் ஆற்றிய தலைமையுரை உலோகம் வெட்டும் கலையைப் பற்றியது. இருபத்தாறு ஆண்டு ஆய்வுகளின் முடிவு அது. அந்த ஆய்வுகளுக்காக 8,00,000 பவுண்டுக்கு மேற்பட்ட எஃகையும் இரும்பையும் சீவல்களாக்கியதாக அவர் கூறினார். அதில் அவர் வலியுறுத்தியவற்றுள் ஒன்று, கருவியைச் சாணை பிடிக்கும் உரிமையைக் கடைசல்காரரிடமிருந்து எடுத்துத் தனிக் கருவியறைக்கு மாற்ற வேண்டும் என்பது. அதுவரை ஒவ்வொரு தொழிலாளியும் தன் கருவியைத் தன் பழக்கப்படி தானே கூராக்கிக்கொண்டிருந்தார்.

1974இல் வெளிவந்த ஹாரி பிரேவர்மனின் நூலுக்குப் பிறகு, உழைப்பு வரலாற்றாய்வாளர்கள் இதனைத் தொழிலாளியிடமிருந்து திறனைப் பறித்த நிகழ்வுகளுள் ஒன்றாகவே வாசித்து வருகின்றனர். கடைசல் எந்திரத்தைப் பொறுத்தவரை அவ்வாசிப்பு பெரிதும் பொருந்துகிறது. பல்சக்கரக் கருவியைப் பொறுத்தவரை பொருந்தவில்லை. ஹாபை இயக்கியவரிடம் சாணைத்திறன் எப்போதும் இருந்ததில்லை. பறிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாறாக, ‘டூல் அண்டு கட்டர் கிரைண்டர்’ என்னும் புதிய தொழிலாளி அங்கே உருவானார். வரலாற்றாய்வாளர்கள் பெரும்பாலும் எந்திரத்தின் முன் நின்றவரைப் பற்றியே எழுதியதால், கருவியறைக்குள் இருந்த இவர் இரண்டு தரப்பாரின் கண்ணிலும் படவில்லை.

இனிக் கார்பைடு. அதன் தோற்றம் பட்டறையில் இல்லை, மின்விளக்கில் இருக்கிறது. விளக்குக்குரிய டங்ஸ்டன் இழையை நுண்துளை வழியே இழுத்து மெலிதாக்க வைர அச்சுகள் தேவைப்பட்டன. அந்த வைரத்துக்கு ஒரு மாற்றுத் தேடியது பெர்லினின் ஓஸ்ராம் ஆய்வுக்கூடம். டங்ஸ்டன் கார்பைடை ஆன்றி முவாசான் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் 1890களிலேயே உருவாக்கியிருந்தார். அது மிகக் கடினமானது. ஆனால் தட்டினால் நொறுங்குவது. 1923இல் ஓஸ்ராமைச் சேர்ந்த கார்ல் ஷ்ரோட்டர் கார்பைடுத் தூளுடன் சிறிதளவு கோபால்ட்டுத் தூளைக் கலந்து, அச்சிலிட்டு அழுத்தி, ஏறத்தாழ 1400 டிகிரி செல்சியசில் சூடேற்றும் முறைக்குக் காப்புரிமை கோரினார். அந்தச் சூட்டில் உருகும் கோபால்ட்டுக் கலவை துகள்களுக்கிடையே பரவி அவற்றைப் பிணைத்தது. வெட்டுவது கார்பைடு, அதை உடையாமல் தாங்குவது கோபால்ட்டு. கார்பைடுக் கருவியின் பிற்கால இடர்கள் பலவற்றுக்கு, நுரையீரல் நோய் உட்பட, இந்தப் பிணைப்புலோகத்திடம்தான் திரும்பி வர வேண்டியிருக்கும்.

புதிய பொருளின் விலை அதன் பரவலைத் தடுத்தது. குருப்புடன் உடன்பாடு செய்துகொண்ட ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1928 முதல் ‘கார்பலாய்’ என்ற பெயரில் அமெரிக்கச் சந்தையைத் தன் பிடியில் வைத்திருந்தது. ஒரு பவுண்டு கார்பைடின் விலை 453 டாலர்வரை சென்றது. 1933க்கு முன்பிருந்த அதிகாரபூர்வ விலைப்படி ஒரு பவுண்டு எடையுள்ள தங்கம் ஏறத்தாழ 301 டாலர்தான். இந்த விலைக்கூட்டுக்காக 1940இல் வழக்குத் தொடரப்பட்டு, போரால் தள்ளிப்போய், 1948இல் அந்நிறுவனம் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. தங்கத்தைவிட விலை மிக்க ஒரு துணுக்கை எஃகுத் தண்டின் நுனியில் பற்றவைத்து, ஆடும் பழைய எந்திரத்தில் பொருத்தியவர்கள் அது சில நிமிடங்களில் சில்லு சில்லாக உதிர்வதைக் கண்டார்கள்.

அந்த உதிர்வுக்குக் காரணங்கள் பல. கார்பைடு அழுத்தத்தைத் தாங்கும்; இழுவிசையையும் அதிர்வையும் தாங்காது. சூட்டில் அது விரியும் அளவு எஃகின் விரிவில் ஏறக்குறைய பாதிதான். எனவே பற்றவைத்து ஆறும்போதே உள்விரிசல் விழக்கூடும். சாணைக்கல்லில் சூடேறிய கருவியைப் பழைய எஃகுக் கருவியைப் போல் தண்ணீரில் முக்கினால் உடனே வெடிக்கும். பழைய தொழிலாளியின் கைக்கு இயல்பாகிவிட்ட ஒவ்வோர் அசைவும் இங்கே தவறாயிற்று. சாதாரணச் சாணைக்கல் கார்பைடைத் தேய்க்கவும் செய்யாது. பச்சை நிறச் சிலிக்கன் கார்பைடுக் கல் தேவைப்பட்டது. 1930களில் வைரத்தூள் பதித்த சக்கரங்கள் வந்தன. வைரத்துக்கு மாற்றாகப் பிறந்த பொருள், தன்னைக் கூராக்கிக்கொள்ள வைரத்தையே நாடி நின்றது. 1954இல் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடம் செயற்கை வைரத்தை உருவாக்கியபோது அதற்கு முதலில் அமைந்த பெருஞ்சந்தையும் கார்பைடைச் சாணை பிடிப்பதுதான்.

இந்த வரலாற்றில் இந்தியாவின் பெயர் முதலில் வருவது கனிமத்தின் வழியாக. 1937வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணமாக இருந்த பர்மாவின் தாவோய்ப் பகுதி, முதல் உலகப்போர்க் காலத்தில் உலகின் முதன்மையான டங்ஸ்டன் கனிம வட்டாரங்களுள் ஒன்று. போருக்கு முன்பு அக்கனிமத்தின் பெரும்பகுதி ஜெர்மனிக்கே சென்றது. அதை உலோகமாக்கும் தொழில் அங்கேதான் வளர்ந்திருந்தது. தன் பேரரசின் கனிமம் எதிரியின் கருவி எஃகாகிக்கொண்டிருப்பதைப் பிரிட்டன் 1914இல்தான் முழுதாக உணர்ந்தது. பர்மா பிரிந்த பின் இந்தியாவிடம் குறிப்பிடத்தக்கதாக எஞ்சியது இராஜஸ்தானின் தேகானா போன்ற சிறு படிவுகளே. கார்பைடை உருவாக்கும் நாடாக இந்தியா மாறியபோது கச்சாப்பொருளுக்கு அது வெளிநாட்டை நம்பவேண்டியதாயிற்று.

1953இல் பெங்களூரில் இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவப்பட்டது. 1960இல் சுவீடனின் சாண்ட்விக் புனேயில் காலூன்றியது. 1962இல் மத்திய எந்திரக்கருவி நிலையம் பெங்களூரில் அமைந்தது. 1964இல் அதே நகரில், லைப்சிக்கில் அறிமுகமான அந்தப் பெயரையே தாங்கி, விடியா இந்தியா நிறுவப்பட்டது. பல கைகள் மாறி இன்று அது கென்னமெட்டல் இந்தியாவாக இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் ஐ.டி.ஐ.களின் ‘மெஷினிஸ்ட் கிரைண்டர்’ பாடப்பிரிவும் சாணைத் தொழிலாளிக்கு ஒரு முறையான கல்வியைத் தந்தன. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தொகுத்த ‘புரொடக்‌ஷன் டெக்னாலஜி’ நூல் இன்றும் மாணவர் கையில் இருக்கிறது. அதை வெட்டுவேக அட்டவணைகளுக்காகப் புரட்டுவோரே மிகுதி.

இதே காலத்தில் மேலைநாடுகளில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 1950களின் நடுவிலிருந்து, கார்பைடுத் துணுக்கைப் பற்றவைக்காமல் திருகாணியாலோ பிடியாலோ பொருத்தும் ‘இன்சர்ட்’ முறை பரவியது. ஒரு முனை மழுங்கினால் திருப்பிப் பொருத்தலாம். எல்லா முனைகளும் மழுங்கினால் எறிந்துவிடலாம். சாணைக்கு வேலையே இல்லை. 1969இல் சாண்ட்விக் கொணர்ந்த டைட்டானியம் கார்பைடுப் பூச்சு இப்போக்கை உறுதிசெய்தது. சில மைக்ரான் தடிமனே உள்ள பூச்சைச் சாணை பிடித்தால் அது போய்விடும் அல்லவா? கடைசல் தொழிலில் சாணையின் வரலாறு ஏறக்குறைய அங்கே முடிந்தது. இறக்குமதி உரிமமும் அந்நியச் செலாவணியும் நெருக்கிய இந்தியாவில், பற்றவைத்த துணுக்கை எஞ்சும்வரை தேய்த்துப் பயன்படுத்தும் பழக்கம் மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது.

பல்சக்கரக் கருவி இந்தப் பாதையில் செல்ல இயலவில்லை. பெரிய பற்களை முரடாக வெட்டுவதற்கு இன்சர்ட் பொருத்திய ஹாபுகள் வந்தன என்பது உண்மை. ஆனால் கார், லாரி, டிராக்டர்ப் பற்சக்கரங்களுக்குரிய நடுத்தர, சிறு அளவுகளில் ஹாப் ஒரே உடலாகவே இருந்தாக வேண்டும். அத்தகைய கருவியை ஒருமுறை மழுங்கியதும் எறிய யாருக்கும் கட்டுப்படியாகாது. உலோகம் வெட்டும் தொழில் முழுவதும் எறியும் பண்பாட்டுக்கு மாறியபோது, சாணை தன் பழைய மதிப்போடு எஞ்சிய சில மூலைகளுள் ஒன்று பல்சக்கரத் துறை.

கார்பைடு ஹாபின் முதல் வெற்றி ஜப்பானில் கிடைத்தது. வெப்பப் பதமேற்றிக் கடினமாக்கிய பின் பல்லின் பக்கங்களை மெலிதாகச் சீவி முடிக்கும் வேலைக்கு அது பயன்பட்டது. 1990களில்தான், அதிர்வு குறைந்த எண்கட்டுப்பாட்டு எந்திரங்களின் துணையோடு, முழுக் கார்பைடு ஹாபுகள் கார்த் தொழிற்சாலைகளில் நுழைந்தன. பூச்சில்லாத உயர்வேக எஃகு நிமிடத்துக்குச் சில பத்து மீட்டர் வேகத்தில் வெட்டிய இடத்தில் கார்பைடு 300 மீட்டரை எட்டியது. எண்ணெயும் வேண்டியதில்லை, வெப்பத்தின் பெரும்பங்கைச் சீவலே சுமந்து சென்றது. விட்டுவிட்டு வெட்டும் பல்லின் மீது கூலன்ட் பாய்ந்தால் சூடும் குளிரும் மாறி மாறித் தாக்கி, விளிம்புக்குக் குறுக்கே சீப்பின் பற்களைப் போல் விரிசல்கள் விழும். ஆதலால் உலர்வெட்டு அங்கே சிக்கனம் மட்டுமன்று, கருவிக்குரிய பாதுகாப்பும் ஆயிற்று.

அந்த வேகத்துக்கு ஈடாகக் கார்பைடு கேட்ட ஒழுங்கு, எஃகு ஹாபைப் பழகியவர்களுக்குப் புதிது. எஃகு ஹாபின் பின்பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆனாலும் பொறுக்கும். கார்பைடு ஹாபை ஏறத்தாழ 0.15 மி.மீ. அளவிலேயே எந்திரத்திலிருந்து இறக்க வேண்டும். ‘இன்னும் வெட்டுகிறதே’ என்று விட்டுவைத்தால் தேய்மானம் சீராகக் கூடாது. ஒரு கட்டத்துக்குப் பின் பாய்ச்சலாகக் கூடும், பிறகு விளிம்பு உதிரும். உதிர்ந்த பல் ஒன்றுக்காக எல்லா வரிசைகளையும் அதே ஆழத்துக்குத் தேய்க்க நேரும். எனவே இரண்டு நாள் கூடுதலாக ஓட்டியவர் அந்த ஹாபின் மொத்த ஆயுளில் இரண்டு மூன்று சாணைகளை இழந்தார். மேலாளருக்கு அன்றைய உற்பத்திக் கணக்கு உடனே தெரியும்; இந்த இழப்பு பல மாதங்கள் கழித்தே, அதுவும் கணக்கு வைத்திருந்தால்தான், தெரியும்.

பொருத்துவதிலும் அதே கண்டிப்பு உண்டு. ஹாபின் இரு முனைகளிலும் உள்ள வளையங்கள், அது எந்திரத்தில் நேராக அமர்ந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பதற்காகவே துல்லியமாகத் தேய்க்கப்பட்டவை. அங்கே நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் ஆட்டம் காட்டினாலும் சில பற்கள் கூடுதலாகவும் சில குறைவாகவும் வெட்டும். எஃகு அந்த ஏற்றத்தாழ்வைத் தேய்மானமாக ஏற்றுக்கொள்ளும். கார்பைடு உடைந்து காட்டும். ஆர்பரில் ஒட்டிய ஒரு சிறு சீவலும் இதற்குப் போதும். மேலும், ஹாபின் ஒரே பகுதி எப்போதும் வெட்டிக்கொண்டிராமல், சில சக்கரங்களுக்கு ஒருமுறை அதை அச்சின் வழியே சிறிது நகர்த்தித் தேய்மானத்தைப் பரப்ப வேண்டும்.

மிகக் கடினமான சிக்கல் பூச்சில் இருந்தது. முகத்தைத் தேய்க்கும்போது முகத்திலுள்ள பூச்சு போய்விடும். பக்கங்களில் மட்டும் எஞ்சும். டைட்டானியம் கார்பைடு கலந்த வகை ஹாபுகள் பூச்சற்ற முகத்தோடும் ஓரளவு தாங்கின. பெரும்பாலும் டங்ஸ்டன் கார்பைடே கொண்ட நுண்மணி வகை, உறுதி மிக்கதாயினும், முகத்தில் விரைவில் குழி விழுந்ததால் ஒவ்வொரு சாணைக்குப் பிறகும் மறுபூச்சைக் கோரியது. பூச்சின்மேல் பூச்சு ஏற்றிக்கொண்டே போனால் அது தடித்து உரியும். எனவே இடையிடையே பழைய பூச்சை வேதிக் கரைசலில் கரைத்து நீக்க வேண்டும். எஃகு ஹாபுக்கு அது எளிய வேலை. கார்பைடில் அக்கரைசல் பூச்சோடு சேர்த்துக் கோபால்ட்டையும் அரித்தது. பிணைப்பை இழந்த மேற்பரப்புத் துகள்கள் அடுத்த வெட்டிலேயே உதிர்ந்தன. கையாண்டதில் தவறே இல்லாமல், அளவெல்லாம் சரியாக இருந்தும், சாணையிலிருந்து திரும்பிய ஹாப் புதியதில் பாதிகூட ஓடாத நேரங்களில் பழி பெரும்பாலும் சாணைக்காரர் மீதே விழுந்தது.

இதற்கிடையில் எஃகு சும்மா இருக்கவில்லை. 1970ஐ ஒட்டி அமெரிக்காவிலும் சுவீடனிலும் தூளுலோக முறையில் உயர்வேக எஃகு உருவாகியிருந்தது. தூளை இறுக்கிப் பொருளாக்கும் வழியை எஃகுத் தொழில் தனக்கும் உரியதாக்கிக்கொண்டது. அதன்மேல் அலுமினியம் கலந்த நைட்ரைடுப் பூச்சுகள் ஏறியபோது, எஃகு ஹாபும் எண்ணெயின்றி நிமிடத்துக்கு 100 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடலாயிற்று. கார்பைடின் வேகத்துக்கு அது ஈடில்லை. ஆனால் தட்டினால் உடையாது, சாணைக்கு இணங்கும், பழைய பூச்சை நீக்குவது எளிது. 2000களில் பல கார்த் தொழிற்சாலைகள் கார்பைடு ஹாபைக் கைவிட்டு இந்த எஃகுக்குத் திரும்பின. படிக்கட்டு வரைபடத்தில் இந்தத் திரும்பலைக் காட்ட வழியில்லை. அதனாலேயே பாடநூல்களில் அது இடம்பெறவில்லை போலும். கார்பைடு முற்றிலும் வெளியேறிவிடவுமில்லை. சிறு பற்களிலும், கடினமாக்கிய பின் சீவும் வேலையிலும், ஜெர்மனியின் பிட்லர் 1910இல் காப்புரிமை பெற்று நூறாண்டு கழித்து எண்கட்டுப்பாட்டால் உயிர்பெற்ற ஸ்கைவிங் முறையிலும் அதன் இடம் உறுதியாக இருக்கிறது.

இந்தியாவில் இன்று இச்சாணை வேலையின் ஒரு பகுதி கருவி நிறுவனங்களின் சேவை மையங்களில் நடக்கிறது. மற்றொரு பகுதி பெங்களூரின் பீனியா, புனேயின் போசரி, கோயம்புத்தூர், ராஜ்கோட் போன்ற இடங்களின் சிறு பட்டறைகளில் நடக்கிறது. 2025 பிப்ரவரியில், உலக டங்ஸ்டன் கனிமத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தோண்டியெடுக்கும் சீனா, டங்ஸ்டன் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. புதிய கார்பைடு அரிதாகும்போது பழையதை மறுபடி கூராக்கும் தேவை கூடும் என்பது எளிய கணக்கு; அந்தத் தேவை வந்து சேரும் இடங்களுள் இப்பட்டறைகளும் அடங்கும்.

அங்கே கோபால்ட்டு மறுபடி கதைக்குள் வருகிறது. கார்பைடு ஆலைத் தொழிலாளரின் நுரையீரலில் தனித்தன்மை வாய்ந்த ஒரு நோய் காணப்படுவதை ஜெர்மானிய மருத்துவர்கள் 1940இலேயே பதிவு செய்தனர். லைப்சிக் கண்காட்சி நடந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. கோபால்ட்டும் டங்ஸ்டன் கார்பைடும் சேர்ந்த நுண்தூள், கோபால்ட்டுத் தூள் தனியே செய்வதைவிடக் கூடுதலான கேட்டை நுரையீரலுக்குச் செய்கிறது. சிலருக்கு ஆஸ்துமா போன்ற மூச்சிரைப்பு. சிலருக்கு நுரையீரல் தழும்பேறி இறுகுதல். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2006இல் வெளியிட்ட தொகுதியில் இக்கலவையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்னும் பிரிவில் வைத்தது. தூள் பறக்காதிருக்க ஈரச்சாணை பிடிப்பது போதுமான பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் சுற்றிச் சுற்றி வரும் நீர்க் கூலன்டில் கோபால்ட்டு கரைந்து நாள்தோறும் சேர்கிறது. சக்கரம் சுழலும்போது அந்த நீரே பனித்துளியாகி முகத்தருகே மிதக்கிறது. எனவே கோபால்ட்டைக் கரைக்காத கூலன்ட், உரிய காலத்தில் அதை மாற்றுதல், உறிஞ்சு குழாய் ஆகிய மூன்றும் வேண்டும். கருவியின் பிணைப்பு அரிக்கப்படாமல் காப்பதற்கும் முதலிரண்டு வழிகளே பரிந்துரைக்கப்படுகின்றன. ஹாபுக்கு நல்லது எதுவோ அதுவே மனிதருக்கும் நல்லதாக அமைந்த அரிய இடம் இது.

கடின உலோகங்களால் வரும் மூச்சுக்குழல், நுரையீரல் நோய்கள் இந்தியாவில் 2025வரை நடப்பிலிருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்சார் நோயாகப் பெயர் சொல்லியே இடம்பெற்றிருந்தன. அதேவரை நடப்பிலிருந்த ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அவை இருந்தன. அக்காப்பீடு பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கே கட்டாயமாகப் பொருந்துகிறது. இரண்டு சாணை எந்திரங்களும் ஒரு டயல் கேஜும் கொண்ட ஒரு மறுசாணைப் பட்டறைக்கு நான்கைந்து பேர் போதும்.